வாய்தாவுக்குப் போக பஸ் காசு யார் தருவது?

விருதுநகர் மாவட்டத்தின் கலெக்டர் அலுவலகம் விருதுநகரில் இருக்கிறது. மாவட்ட முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. வன்கொடுமை வழக்கில் நிவாரணம் கேட்க ஒரு பக்கமும், சாட்சி சொல்ல இன்னொரு பக்கமும் நம் மக்கள் அலைய வேண்டும். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்தான், பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஆனால் ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்து ஊரிலிருந்து வருகிற அம்மாவுக்கு இரண்டு பஸ். மில்லில் ஷிப்டு பார்க்கிற மகன் கூட வந்தால் அவனுக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு. வந்து வராண்டாவில் உட்கார்ந்திருந்தால் மத்தியானம் சொல்வார்கள்: அடுத்த வாய்தா.

இப்படிப் பத்துத் தடவை அலைந்தால் பதினோராவது தடவை எத்தனை பேர் வருவார்கள்? எதிர்த்தரப்புக்கு இது தெரியும். சாட்சியை மிரட்டிக்கூடப் பிறழ வைக்க வேண்டாம், அலைய வைத்தாலே போதும். நம் பகுதியில் வழக்குகள் நீர்த்துப்போவதற்கு ஆதிக்கச் சாதியின் அரிவாள் ஒரு காரணம் என்றால், நம் கையில் பஸ் காசு இல்லாதது இன்னொரு காரணம்.

கூட்டங்களில் கல்லூரி மாணவர்கள் எங்களிடம் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "தோழர், மனித உரிமை வேலைக்கு வெளிநாட்டு அறக்கட்டளைகளிடம் காசு வாங்குவது சரியா?" கேட்பவர் குரலிலேயே கொஞ்சம் வெட்கம் இருக்கும். 'டாலர் கைக்கூலி' என்ற வசை அவர் காதிலும் விழுந்திருக்கும். ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. அதனால் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

சேவையா, உரிமையா?

அண்ணல் அம்பேத்கரே உதவித்தொகையில் படித்தவர்தான். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில்தான் 1913இல் நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார். அதற்குக் கைம்மாறாக பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்க ஒப்பந்தம். 1917இல் அவர் அங்கே போனபோது தங்க ஓர் அறை கிடைக்கவில்லை, பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டார். மன்னரின் பணம் அவரை உலகின் பெரிய பல்கலைக்கழகம் வரை கொண்டுபோனது. அதே மன்னரின் ஊரில் ஒரு வாடகை அறைவாசல் வரைகூட அதனால் கொண்டுபோக முடியவில்லை. 1920 சனவரியில் 'மூக்நாயக்' இதழைத் தொடங்க கோலாப்பூரின் சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்தார். அம்பேத்கர் அதையும் வாங்கிக்கொண்டார், ஆனால் பத்திரிகையில் என்ன எழுதுவது என்பதை அவரே முடிவு செய்தார்.

காசு வாங்குவதில் அவருக்குத் தயக்கம் இருந்ததில்லை. அவர் சண்டை போட்டது வேறு இடத்தில்.

1932 செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த மாதம் முடிவதற்குள் காந்தியின் ஆதரவோடு தீண்டாமை ஒழிப்புக்கென ஓர் அமைப்பு உருவானது. அதுவே பின்னாளில் ஹரிஜன சேவா சங்கம். தலைவர் பெரும் ஆலை முதலாளி ஜி.டி.பிர்லா, செயலாளர் தக்கர் பாபா. தொடக்கத்தில் அம்பேத்கரும் நிர்வாகக் குழுவில் இருந்தார். வட்டமேசை மாநாட்டுக்குப் போகும் வழியில், 1932 நவம்பர் 14இல், 'விக்டோரியா' கப்பலில் உட்கார்ந்து தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். இன்றைக்குத் திட்ட அறிக்கை எழுதுகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய கடிதம் அது. அதன் சாரம் இதுதான்: தனிமனிதர்களுக்கு ஒழுக்கம் போதிப்பதிலும், மது விலக்கிலும், நூலகம் கட்டுவதிலும் பணத்தைச் செலவழிக்காதீர்கள். சேரி மக்கள் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும், பள்ளியில் நுழையவும், பொது இடத்தில் நிற்கவும் உரிமை கேட்டுப் போராட்டம் நடத்துங்கள். மோதல் வரும், வரட்டும். வேலை வாய்ப்பில் சமத்துவம் கேளுங்கள். இதற்கெல்லாம் ஊர் ஊராக ஆள் வேண்டும், அந்த ஆட்களுக்குச் செலவழியுங்கள்.

சங்கம் வேறு பாதையில் போனது. நிர்வாகத்தில் தீண்டப்படாத மக்களுக்கு ஏன் இடமில்லை என்று கேட்டபோது காந்தி தரப்பு சொன்ன பதில் நம்மில் பலருக்குத் தெரியும்: இது சாதி இந்துக்கள் தீர்க்க வேண்டிய கடன், எப்படித் தீர்ப்பது என்பதைக் கடன்பட்டவர்களே முடிவு செய்வார்கள். அம்பேத்கர் விலகினார். 1945இல் எழுதிய நூலில் இந்தக் கணக்கை முழுதாக எடுத்துவைத்தார். இதற்கிடையே 1933 நவம்பர் முதல் 1934 ஆகஸ்ட் வரை காந்தி நாடெங்கும் ஹரிஜன யாத்திரை போய் சுமார் 8 லட்சம் ரூபாய் திரட்டினார். தென் மாவட்டங்களுக்கும் வந்தார். பிகார் நிலநடுக்கம் தீண்டாமைப் பாவத்துக்குத் தண்டனை என்று அவர் பேசியது 1934 சனவரியில், திருநெல்வேலியில்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் 1910 வரை அந்த மாவட்டத்தில்தான் இருந்தது.

அந்த நிதியில் விடுதிகள் வந்தன, பள்ளிகள் வந்தன. நம் தாத்தாக்கள் சிலர் அவற்றில் படித்தார்கள். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் கிணற்றடியில் அடிபட்டவனுக்காக வழக்கு நடத்த அந்த நிதி வரவில்லை. பணப்பையை யார் பிடித்திருக்கிறார்களோ அவர்கள்தான் நம் பிரச்சினைக்குப் பெயர் வைக்கிறார்கள். அவர்கள் 'சேவை' என்று பெயர் வைத்தால் கைதட்டு கிடைக்கும். நாம் 'உரிமை' என்று பெயர் வைத்தால் விசாரணை வரும்.

கறுப்பின மக்கள் கற்ற பாடம்

இதே காலத்தில் அமெரிக்காவிலும் இதே சிக்கல் இருந்தது. சார்லஸ் கார்லண்ட் என்ற இளைஞர் தனக்கு வந்த பெரும் வாரிசுச் சொத்தை வேண்டாம் என்றார். அந்தப் பணத்தில் 1922இல் ஓர் அறக்கட்டளை உருவானது. கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. சட்டப் போராட்டம் நடத்த 1930இல் இந்த அறக்கட்டளை 1 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. பொருளாதார மந்தத்தில் அதில் ஒரு பகுதிதான் வந்து சேர்ந்தது. ஆனாலும் அந்த விதையிலிருந்து வளர்ந்த வழக்குகள்தான் 1954இல் பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்ற தீர்ப்பு வரை போயின.

நல்ல கதைதான், ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. மேகன் மிங் பிரான்சிஸ் என்ற கறுப்பின ஆய்வாளர் அதைக் கிளறி எடுத்தார். அந்த அமைப்பின் முதல் கவலையாக இருந்தது கறுப்பின மக்களைக் கும்பலாக அடித்துக் கொல்வதைத் தடுப்பது. பணம் தந்தவர்களின் விருப்பம் வேறு பக்கம் இருந்தது. மெல்ல மெல்லக் கல்வி முன்னுக்கு வந்தது, உயிர்க்கொலைக்கு எதிரான போராட்டம் பின்னுக்குப் போனது. யாரும் கட்டளை போடவில்லை. காசு எந்தப் பக்கம் கிடைத்ததோ அந்தப் பக்கம் வேலை நகர்ந்தது.

இன்னொரு கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1955 டிசம்பரில் மான்ட்கோமரி நகரில் பஸ் புறக்கணிப்பு தொடங்கி 381 நாள் நடந்தது. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண், பிற பெண்களைச் சேர்த்துக்கொண்டு சாப்பாடும் கேக்கும் செய்து விற்று, காசை வாரக் கூட்டத்தில் கொண்டுவந்து கொட்டினார். அந்தக் குழுவுக்கு 'எங்கிருந்தோ வந்த கிளப்' என்று பெயர். காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 'எங்கிருந்தோ' என்று சொல்லலாம், வெள்ளைக்கார வீடுகளில் வேலை பார்த்த பெண்களின் பெயரும் வெளியே வராது. வாகனங்களுக்குப் பெட்ரோல் போட அந்தக் காசும் உதவியது. எந்த அறக்கட்டளையும் அதன் திசையை மாற்ற முடியவில்லை.

தஞ்சைக்கு வந்த டாலர்

வெளிநாட்டு அறக்கட்டளைப் பணம் என்றாலே தேசத்துரோகம் என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஃபோர்டு அறக்கட்டளை டெல்லியில் அலுவலகம் திறந்தது 1952இல். அழைத்தது நேரு அரசு. அந்தப் பணம் கிராம முன்னேற்றத்துக்கும் விவசாயத்துக்கும் போனது. 1960இல் தொடங்கிய தீவிர விவசாய மாவட்டத் திட்டத்தில் நம் தஞ்சாவூரும் ஒன்று. உரமும் விதையும் கடனும் யாருக்குப் போயிருக்கும்? நிலம் வைத்திருந்தவருக்கு. விளைச்சல் கூடியபோது கூலியையும் கூட்டிக் கொடு என்று கேட்டார்கள் அந்த மாவட்டத்தின் கீழ்வெண்மணி மக்கள். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். 1973இல் உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. விவசாயத் திட்டம்தான் தீ வைத்தது என்று நாங்கள் சொல்லவில்லை. மிராசுதார் வயலுக்கு டாலர் பாய்ந்தபோது அது தேச வளர்ச்சி. செத்தவர்களுக்காக வழக்கு நடத்த ஒரு டாலர் வந்திருந்தால் அதற்கு என்ன பெயர் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மனித உரிமை என்ற தலைப்பில் அறக்கட்டளைகள் பெரிய அளவில் காசு தரத் தொடங்கியது 1970களில்தான். 1973இல் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, படித்தவர்களையும் தொழிற்சங்கத்தினரையும் வேட்டையாடியபோது ஃபோர்டு போன்ற அறக்கட்டளைகள் கொள்கை மாறின. 1978இல் 4 லட்சம் டாலர் ஃபோர்டு நிதியில் தொடங்கிய 'ஹெல்சிங்கி வாட்ச்' பிற்பாடு 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' ஆனது. 1979இல் தென்னாப்பிரிக்காவில் நிறவெறிச் சட்டங்களை நீதிமன்றத்தில் எதிர்க்கத் தொடங்கப்பட்ட சட்ட உதவி மையத்துக்கும் ஃபோர்டு, கார்னகி, ராக்பெல்லர் பணம் வந்தது. 2010ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கில், 29 நாடுகளின் 700க்கும் மேற்பட்ட அறக்கட்டளைகள் உலகம் முழுவதும் மனித உரிமை வேலைக்குக் கொடுத்தது சுமார் 120 கோடி டாலர். கேட்க மலைப்பாக இருக்கும். உலகத்துக்கே ஒரு வருடத்துக்கு அவ்வளவுதான்.

நம் ஊருக்கு வந்தபோது

1995 ஆகஸ்ட் 31 கொடியங்குளம். 1997 மே மாதம் நம் மாவட்டத்தில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் தொடங்கியதும், அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கிராமங்கள் பற்றி எரிந்தன. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது இப்படித்தான். அதே ஆண்டு ஜூன் 30இல் மேலவளவில் முருகேசனும் வேறு சிலரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

எரிந்த வீட்டைப் படம் எடுக்கவும், அடிபட்டவரின் வாக்குமூலத்தைக் கையெழுத்தோடு வாங்கவும், உண்மை அறியும் குழுவாகக் கிராமத்துக்கு வரவும் அந்தக் காலத்தில் ஆள் தேவைப்பட்டது. மதுரையில் 1995இல் தொடங்கிய மக்கள் கண்காணிப்பகம் போன்ற அமைப்புகள் அந்த வேலையைச் செய்தன. 1998இல் தலித் மனித உரிமைகளுக்கான தேசியப் பிரச்சாரம் உருவானது. 1999இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் தமிழகத்தின் தென் மாவட்டக் கலவரங்களுக்கு ஒரு தனிப் பகுதியே இருந்தது. நம் சேரித் தாய்மார்கள் சொன்ன வாக்குமூலம் நியூயார்க்கில் அச்சாகி ஐ.நா. சபை மேசைக்குப் போனது. 2001இல் டர்பன் மாநாட்டில் நம் ஆட்கள் திரளாகப் போய் நின்றார்கள். சாதி எங்கள் உள்வீட்டு விவகாரம், இனவெறி ஆகாது என்று இந்திய அரசு வாதாடியது. மறு ஆண்டே ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, பிறப்பின் அடிப்படையிலான பாகுபாட்டில் சாதியும் அடக்கம் என்று பரிந்துரை எழுதியது. இதற்கெல்லாம் டிக்கெட் காசும் அச்சுக் காசும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வந்தன. ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கம் வேண்டாம்.

வெட்கப்பட வேண்டியதும் உண்டு. எங்கள் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறோம். ஓர் அமைப்பின் மூன்றாண்டுத் திட்டத்தில் நாங்கள் சிலர் வேலை பார்த்தோம். மூன்றாம் ஆண்டு முடிந்த மாதம் திட்டமும் முடிந்தது. எட்டு வழக்குகள் முடியவில்லை. 'அடுத்த கட்டத்தில் வேறு தலைப்பு' என்றார்கள். ஊருக்குப் போய், "இனிமேல் நீங்களாகவே வாய்தாவுக்குப் போய்க்கொள்ளுங்கள் அம்மா" என்று நாங்கள்தான் சொன்னோம். அந்த அம்மா எங்களைத் திட்டவில்லை. "அப்போ நீங்க வர மாட்டீகளா?" என்று மட்டும் கேட்டார். வழக்கு எப்போது முடியும் என்பது நன்கொடையாளரின் நிதியாண்டுக்குத் தெரியாது.

கழுத்தை நெரிக்கும் சட்டம்

வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் முதலில் வந்தது 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில். 2010இல் புதுச் சட்டம். 2020 திருத்தம் இன்னும் இறுக்கியது: ஓர் அமைப்பு வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்குப் பகிர்ந்து தரக் கூடாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பணம் டெல்லியில் உள்ள ஒரே ஸ்டேட் வங்கிக் கிளைக்குத்தான் வர வேண்டும். பகிர்வதைத் தடுத்தால் அடிபடுவது யார்? டெல்லியிலும் சென்னையிலும் உள்ள பெரிய அமைப்பு பிழைத்துக்கொள்ளும். அதனிடம் வருடத்துக்குக் கொஞ்சம் வாங்கி ராஜபாளையத்தில் ஒரு அறையில் வேலை பார்த்த சிறு அமைப்பு மூடப்படும். நிர்வாகச் செலவைக் குறைத்தால் விடுதி கட்டுகிறவருக்கு நஷ்டம் குறைவு. வழக்கறிஞர், களப்பணியாளர், பயணம் என்று ஆட்களையே நம்பி நடக்கிற உரிமை வேலைதான் முதலில் திணறும்.

மக்கள் கண்காணிப்பகத்தின் கணக்கு 2012இல் முடக்கப்பட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் போய் மீட்டார்கள். 2016இல் உரிமம் புதுப்பிக்க மறுக்கப்பட்டது. 2022 சனவரியில் சி.பி.ஐ. மதுரை அலுவலகத்துக்கு வந்தது. குஜராத்தில் 1,589 கிராமங்களில் தீண்டாமையைக் கணக்கெடுத்த நவ்சர்ஜன் அமைப்பின் உரிமம் 2016 டிசம்பரில் ரத்தானது. கோபன்ஹேகனை மையமாகக் கொண்ட சர்வதேச தலித் ஆதரவு வலையமைப்பு ஐ.நா.வில் ஆலோசனைத் தகுதி கேட்டு விண்ணப்பித்தது 2007இல். இந்தியா கேள்விமேல் கேள்வி கேட்டுத் தள்ளிப்போட்டது. தகுதி கிடைத்தது 2022 டிசம்பரில், பதினைந்து ஆண்டுகள் கழித்து.

ஆளும் கட்சிக்கும் ஆண்ட கட்சிக்கும் மட்டும் சட்டம் வேறு மாதிரி வளையும். பா.ஜ.க.வும் காங்கிரசும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறியதாக 2014இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றம் என்ன செய்தது? நிதிச் சட்டத்தின் மூலம் வரையறையை மாற்றியது. 2018இல் அந்த மாற்றத்தை 1976 வரை பின்னோக்கிச் செல்லும்படி செய்தது. நாற்பது ஆண்டுத் தவறு ஒரே வரியில் சரியாகிவிட்டது.

சொந்தக் காசைத் தேட

வெளிநாட்டுப் பணம் பற்றிய பேச்சு, நம் சொந்தப் பணத்தைப் பற்றிய பேச்சை மறைக்கிறது. பட்டியல் சாதி மக்களுக்கான சிறப்புக் கூறுத் திட்டம் 1979-80இல் தொடங்கியது. நம் மக்கள் தொகைக்கு ஏற்ற பங்கு திட்ட நிதியில் நமக்கு ஒதுக்கப்பட வேண்டும். 2010இல் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தபோது அந்த நிதியிலிருந்து சுமார் 678 கோடி ரூபாய் திருப்பிவிடப்பட்டதை உள்துறை அமைச்சரே மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார். இதைத் தோண்டியவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தைக் கையில் வைத்திருந்த உரிமை அமைப்புகள்தான்.

நம் வழக்குக்கும் அரசிடம் பணம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 11ஐப் படியுங்கள். பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் போய்வரும் பஸ் கட்டணம், குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத படி, மூன்று நாளைக்குள் தர வேண்டும். 2016 சனவரி 26 முதல் அமலுக்கு வந்த 15ஏ பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்களின் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை. ஒரு சட்டம் அவர்கள் உதவியை உரிமை என்கிறது. இன்னொரு சட்டம் அவர்கள் வங்கிக் கணக்கை முடக்குகிறது.

அறக்கட்டளைப் பணம் இல்லாமலும் காரியம் நடந்திருக்கிறது. நம் எல்லைக்கு அந்தப் பக்கம் பேரையூர் வட்டத்து உத்தபுரத்தில் சாதிச் சுவரை வெளியே கொண்டுவந்தது, 2007இல் உருவான தீண்டாமை ஒழிப்பு முன்னணியின் கள ஆய்வு. சங்கங்களின் உழைப்பில், தோழர்களின் கால்நடையில் நடந்தது. 2008 மே 6இல் சுவரின் ஒரு பகுதி விழுந்தது.

ஆகவே தம்பி தங்கைகளே, காசு வாங்கலாமா என்று கேட்காதீர்கள். வேறு மூன்று கேள்விகள் கேளுங்கள். எதற்கு முதலில் செலவழிப்பது என்று முடிவு செய்யும் மேசையில் நம் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா? திட்டம் முடிந்த மறுநாள் வழக்கை யார் நடத்துவார்? கணக்கை ஊர்க் கூட்டத்தில் சத்தமாக வாசிக்க முடியுமா? மூன்றுக்கும் பதில் இருந்தால் டாலரோ ரூபாயோ, வாங்குங்கள். இல்லையென்றால் பிர்லா தலைமையில் நடந்த அதே சங்கத்தை வேறு பெயரில் நடத்துகிறோம் என்று அர்த்தம்.

நாங்கள் சிலர் இப்போது மாதம் 100 ரூபாய் போட்டு ஒரு வாய்தா நிதி வைத்திருக்கிறோம். மில்லில் வேலை பார்க்கிற தங்கைகள் 20 ரூபாய் போடுகிறார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் கணக்கு. பெரிய தொகை இல்லை. இதிலிருந்து பஸ் காசு கொடுக்கும்போதே விதி 11 மனுவிலும் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். அரசு தர வேண்டியதை அரசிடம் கேட்பதை நிறுத்தக் கூடாது. படி கிடைத்தால் நிதிக்குத் திரும்பி வரும். கிடைக்காவிட்டால் அந்த மனுவின் நகல் அடுத்த வழக்குக்கு ஆதாரம்.

அடுத்த வாய்தா நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வராண்டாவுக்கு ஒருமுறை வாருங்கள். யாருக்காவது மனு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். பேனா கொண்டுவாருங்கள்.

ஜெய் பீம்.